மதத்தை விட்டு வெளியேற மாந்திரீகச் சடங்கு தேவையா?

தனிவழி:
கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். நம்பிக்கை எப்போதோ போய்விட்டது, பயம்தான் போகமாட்டேன் என்கிறது. நரகம் என்ற பேச்சு வந்தாலே இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. தேவியையும் இயற்கையையும் வழிபடும் மாந்திரீக மதமான விக்கா வழியில் இருப்பவர்கள் செய்யும் திருமுழுக்கு நீக்கச் சடங்கைப் பற்றிப் படித்தேன். வட்டம் வரைந்து, நான்கு திசைகளையும் அழைத்து, உப்பு நீரால் நெற்றியைக் கழுவி, 'நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்காகப் பிறர் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு திருமுழுக்குச் சான்றிதழின் நகலை எரிக்க வேண்டும். அக்டோபர் 31, விக்காவினர் கொண்டாடும் சாம்ஹைன் விழா இரவில் செய்யலாம் என்றிருக்கிறேன். செய்து பார்த்தவர்களும் வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.

கல்வெட்டு:
வேண்டாம் என்பவன் நான். ஒரு பூசாரியிடமிருந்து தப்பித்து இன்னொரு பூசாரியிடம் போவது வெளியேற்றமே இல்லை. விக்காவைப் பழங்கால மதம் என்று நினைத்துப் போகிறீர்கள் என்றால் அதன் வயதைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகுதான் விக்காவைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார். முதல் விளக்க நூல் வந்தது 1954இல். வட்டம், திசை அழைப்பு, மூன்று படித் தீட்சை எல்லாம் பெரும்பாலும் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தாரிடமிருந்தும் கோல்டன் டான் போன்ற மறைஞானக் குழுக்களிடமிருந்தும் வந்தவை. ஐரோப்பாவில் மறைவாகத் தொடர்ந்த சூனிய மதம் ஒன்று இருந்தது என்று ஆய்வாளர் மார்கரெட் மர்ரே 1921இல் சொன்னதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை.

இன்னொன்று. தண்ணீர் ஊற்றியதால் உங்கள்மேல் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று நம்பினால்தான் அதைக் கழுவ வேண்டும். கழுவும்போதே அது இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

வேம்பின்நிழல்:
விக்கா புதியது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அதைப் பின்பற்றுகிற பலரும் அதை ஒளிப்பதில்லை. ஆனால் கல்வெட்டு சொன்ன கடைசி வாதம் வரலாற்றோடு பொருந்தவில்லை.

ஒரு நம்பிக்கையை விட்டு வெளியேறச் சடங்கு வேண்டும் என்பதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது கிறிஸ்தவம்தான். நான்காம் நூற்றாண்டு எருசலேமில் திருமுழுக்குப் பெற வந்தவர்களை முதலில் மேற்கு நோக்கி நிற்க வைத்தார்கள். மேற்கு இருளின் திசை. கையை நீட்டி, சாத்தானே உன்னை விட்டுவிட்டேன் என்று அவனிடமே பேசுவதுபோலச் சொல்ல வேண்டும். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். ஆயர் சிரில் பெயரில் வரும் உரைகளில் இது விளக்கமாகவே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். எபேசுவில் மந்திரம் செய்தவர்கள் மனம் மாறியதும் தங்கள் நூல்களை எல்லார் முன்னாலும் எரித்தார்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு.

பழைய வாழ்க்கையை விடுவதற்கு உடம்பைத் திருப்பினார்கள், வாயால் சொன்னார்கள், நெருப்பில் போட்டார்கள். உள்ளே போகிறவனுக்கு இவ்வளவு வேண்டியிருந்தது. வெளியே வருகிறவள் மட்டும் மனதுக்குள் முடித்துக்கொள்ள வேண்டுமா?

பிரிவு, இடைநிலை, சேர்க்கை என்று வாழ்க்கைமாற்றச் சடங்குகளுக்கு மூன்று கட்டம் இருப்பதை 1909இலேயே மானுடவியலாளர் ஆர்னால்டு வான் கெனெப் எழுதினார். மதத்தை விட்டவர்களில் பலர் நடுக்கட்டத்திலேயே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். தனிவழியும் அங்கேதான் நிற்கிறார் என்று எனக்குப் படுகிறது.

கல்வெட்டு:
எபேசு எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது. அவர்கள் எரித்துவிட்டு வேறொரு மதத்துக்குள் போனார்கள்.

காகிதத்தை எரிப்பதால் சபையின் திருமுழுக்குப் பதிவேடும் மாறாது. திருமுழுக்கு அழியாத முத்திரை, திரும்பக் கொடுக்கவும் கொடுக்க முடியாது என்பது கத்தோலிக்கப் போதனை. முறைப்படி விலகியவர்களுக்குச் சபையின் திருமணச் சட்டத்தில் இருந்த விலக்கைக்கூட 2009இல் போப் பதினாறாம் பெனடிக்ட் எடுத்துவிட்டார். பிரான்சில் ஒருவர் அந்தப் பதிவேட்டில் தன் பெயரை அழிக்கச் சொல்லி வழக்காடினார். விலகிவிட்டார் என்று ஓரத்தில் குறிப்பு எழுதினால் போதும், அழிக்க வேண்டியதில்லை என்று அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் 2024இல் சொன்னது. விலகுவதென்றால் இப்படி ஓரக்குறிப்பு கேட்டு எழுதுங்கள். ஜெர்மனியில் அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ விலகல் அறிவித்தால் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடாக இருக்கும் சபை வரி நிற்கிறது. அதற்குப் பெயர் வெளியேறுவது.

தனிவழி:
நீங்கள் சொல்வதெல்லாம் சபைக்கும் எனக்கும் உள்ள கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்புவது பதிவேடு இல்லை.

தூரல்:
மனநலத் துறையில் இருக்கிறேன். யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். மத வளர்ப்பால் வரும் இந்தத் துன்பத்துக்கு 'மத அதிர்ச்சி நோய்க்குறி' என்று 2011இல் உளவியலாளர் மர்லீன் வினெல் பெயர் வைத்தார். அதிகாரப்பூர்வ நோய்ப் பட்டியலில் அது இல்லை, வேதனை மட்டும் உண்மை. சிலருக்கு அது பாவம் பற்றிய ஓயாத ஐயமாக, எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவமாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சடங்கு ஆபத்து. 'சரியாகச் சொன்னேனா, உப்பு போதுமா, மறுபடி செய்யட்டுமா' என்று அதுவே அடுத்த கட்டாயமாகிவிடும். அந்த நோய்க்கான சிகிச்சையே பயத்தை எதிர்கொண்டுவிட்டு, அதைத் தணிக்கும் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகுவதுதான். தனிவழி, ஜெப நாட்களில் ஒரே ஜெபத்தைத் 'தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னதுண்டா? உண்டு என்றால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

தனிவழி:
இல்லை. எனக்குப் பயம் மட்டும்தான், திரும்பச் செய்யும் பழக்கம் இல்லை.

வேம்பின்நிழல்:
அப்படியென்றால் சடங்கின் உள்ளடக்கத்தைப் பேசுவோம். கர்த்தர் ஜெபத்தைத் தலைகீழாகச் சொல்வது, சிலுவையைக் கவிழ்ப்பது போன்றவற்றைச் சேர்க்காதீர்கள். அவை சபை தன் கற்பனையில் வைத்திருந்த சூனியக்காரியின் வசனங்கள். 1662இல் ஸ்காட்லாந்தில் சூனியக்காரி என்று விசாரிக்கப்பட்ட இசபெல் கௌடி தந்த வாக்குமூலத்தில், ஒரு கையை உச்சந்தலையிலும் மறு கையை உள்ளங்காலிலும் வைத்து, இடையில் உள்ள எல்லாவற்றையும் சாத்தானுக்குக் கொடுத்ததாக வருகிறது. விசாரித்தவர்கள் கேட்க நினைத்ததும் அதைத்தான். அந்த மேடையில் ஏறினால் கல்வெட்டு சொன்னது உண்மையாகிவிடும். அவர்களின் சாத்தானும் கூடவே வருவான்.

உங்களிடமிருந்து பறிக்கப்பட்டது எதுவோ அதற்குப் பெயர் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் உரிமை, உடம்பின்மேல் வெட்கப்படாமல் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை. நான் செய்தபோது 'நரகம் எனக்குச் சொல்லப்பட்ட கதை' என்று ஒரு வரி இருந்தது. சொல்லும்போது கால் நடுங்கியது, சொல்லி முடித்தேன்.

கல்வெட்டு:
தலைகீழ் ஜெபம் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். அந்த ஒற்றை வரிக்கும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைச் சொல்ல வட்டம் எதற்கு, தேவி எதற்கு? நண்பர்கள் இரண்டு பேர் முன்னால் நின்று சொன்னால் போதாதா?

தனிவழி:
நண்பர்களைக் கூப்பிடுகிறேன், அது நல்ல யோசனை. எரிப்பதை எடுத்துவிடுகிறேன், சபைக்குத் தனியாகக் கடிதம் எழுதிவிடுவேன். வட்டமும் தேவியும் இருக்கும். பிறந்ததிலிருந்து ஆண் கடவுள் ஒருவர் முன்னால் மட்டுமே மண்டியிடச் சொல்லப்பட்டவள் நான். ஒரு பெண் உருவத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. நம்பிக்கையா என்று கேட்டால் இல்லை.

கல்வெட்டு:
இப்போது நம்பிக்கை இல்லை. அடுத்த சாம்ஹைனுக்கும் இதே கேள்வியை இங்கே வந்து கேட்பேன். பதில் சொல்ல வேண்டும்.

தனிவழி:
கேளுங்கள். சொல்கிறேன்.