'நான்' போட்டால் சிரிக்கிறார்கள்: ஸ்பானிஷில் 'மீன் பிடிக்கும்' என்று எப்படிச் சொல்வது?

பாம்பன்காரன்:
வணக்கம். பாம்பனில் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறேன். இந்த வாரம் ஸ்பெயினிலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கியிருக்கிறார்கள். போனில் கொஞ்சம் ஸ்பானிஷ் படித்து வைத்திருந்தேன். 'யோ' என்றால் நான், 'குஸ்தார்' என்றால் பிடிப்பது. இரண்டையும் சேர்த்து 'யோ குஸ்தோ பெஸ்காதோ' என்றேன், எனக்கு மீன் பிடிக்கும் என்ற நினைப்பில். அந்த அம்மா சிரித்துவிட்டார். 'யோ கோமோ' (நான் சாப்பிடுகிறேன்) எல்லாம் சரியாக வருகிறதே, இது மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது?

மண்டபம் அக்கா:
தம்பி, ஒரு வெளிநாட்டுக்காரர் உங்களிடம் வந்து "நான் மீன் பிடிக்கும்" என்றால் என்ன நினைப்பீர்கள்? கடலுக்குப் போகிற ஆளா, சாப்பிட உட்கார்ந்த ஆளா என்றே தெரியாது. நீங்கள் சொன்னதும் அப்படித்தான். 'நான் மீன் பிடிக்கிறேன்' என்றால் வலை. 'எனக்கு மீன் பிடிக்கும்' என்றால் தட்டு. குஸ்தார் 'எனக்கு' கட்சி. எனக்கு என்பது 'மே'. ஆக, மே குஸ்தா எல் பெஸ்காதோ. அந்த 'எல்' (இங்கிலீஷ் 'the' மாதிரி) முக்கியம், நம் மொழியில் அப்படி ஒன்று இல்லாததால் விட்டுவிடுவோம். உனக்கு 'தே', அவருக்கு 'லே', எங்களுக்கு 'நோஸ்', அவர்களுக்கு 'லெஸ்'. இங்கிலீஷ் வழியாகப் போனால்தான் குழப்பம், தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

வலை போடுவதற்கு வேறு சொல் இருக்கிறது: யோ பெஸ்கோ. அதில் தாராளமாக 'நான்' போடலாம்.

தொண்டிப் பையன்:
அவ்வளவுதான் அண்ணே. எல்லாவற்றுக்கும் 'மே குஸ்தா' போடுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கீழக்கரை மாலுமி:
ஓட்டலாம், சீக்கிரமே தரை தட்டும். எங்கள் கப்பல் சமையல்காரர் பெரு நாட்டுக்காரர், அவரிடம் திட்டு வாங்கிக் கற்றது இது. பிடித்த பொருள் பன்மையானால் 'குஸ்தான்'. ஊசிக்கணவாய் பிடிக்கும் என்றால் மே குஸ்தான் லோஸ் கலமாரெஸ். நம் பேச்சில் பாலமும் பிடிக்கும், பாலங்களும் பிடிக்கும். ஆனால் எழுதும்போது 'பாலங்கள் பிடித்தன' என்று மாற்றுகிறோம் இல்லையா, அதே கணக்கு. 2025இல் திறந்த ரயில் பாலத்தை மட்டும் சொன்னால் மே குஸ்தா எல் புவெந்தே. பக்கத்தில் 1988இல் திறந்த சாலைப் பாலத்தையும் சேர்த்தால் மே குஸ்தான் லோஸ் தோஸ் புவெந்தெஸ். செயல்களுக்கு மட்டும் எத்தனை அடுக்கினாலும் ஒருமைதான்: மே குஸ்தா கோமெர் இ தோர்மீர், சாப்பிடவும் தூங்கவும் பிடிக்கும். (எனக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது.)

பாம்பன்காரன்:
அக்கா, மாலுமி அண்ணே, ரொம்ப நன்றி. வலையும் தட்டும் விளங்கிவிட்டது. ஆனால் அதற்குள் இன்னொரு தப்பு நடந்துபோச்சு. பழகுவதற்கு நல்ல மனுஷி என்று பாராட்ட நினைத்து, அந்த அம்மாவிடம் 'மே குஸ்தாஸ்' என்றேன். வீட்டுக்காரர் புருவத்தைத் தூக்கினார்.

மண்டபம் அக்கா:
ஐயையோ! 'உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு' என்று நம்மூரில் ஒரு பெண்ணிடம் சொன்னால் என்ன அர்த்தமோ, அதேதான் அங்கேயும். இப்படிப் பாராட்ட 'காயேர் பியென்' என்று தனியாக ஒன்று உண்டு, அதுவும் 'எனக்கு' சேர்த்துத்தான் வரும். இரண்டு பேரையும் மரியாதையாகச் சேர்த்து 'மே காயென் பியென்' என்று சொல்லுங்கள். கணவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பாம்பன்காரன்:
சொல்லிவிட்டேன், இரண்டு பேருமே சிரித்தார்கள். இன்று காலை கிளம்பும்போது, சாப்பாடு பிடித்ததா என்று 'லெஸ் குஸ்தோ லா கோமீதா?' கேட்டேன். 'நோஸ் என்கந்தோ' என்றார்கள். இது நல்லதா, கெட்டதா?

கீழக்கரை மாலுமி:
நல்லதுக்கும் மேலே. 'எங்களுக்கு அவ்வளவு பிடித்தது' என்கிறார்கள். அதிலேயே 'ரொம்ப' அடங்கியிருக்கிறது, நீங்கள் சொல்லும்போது 'மூச்சோ' சேர்க்க வேண்டாம். நீங்கள் கேட்ட 'குஸ்தோ'வில் அழுத்தம் கடைசி எழுத்தில் விழ வேண்டும், முதல் எழுத்தில் விழுந்தால் பழைய 'யோ குஸ்தோ'வுக்கே திரும்பிவிடுவீர்கள்.

அது இருக்கட்டும், என்ன குழம்பு வைத்தீர்கள்?