வலிப்பு மருந்து எடுப்பவருக்கு எந்தக் கருத்தடை? உதவி தேவை

வயது 29. வலிப்புக்குக் கார்பமாசெபின் 400 மி.கி., காலையும் இரவும். அதில் வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டிருப்பதால் மருந்தை மாற்ற வழியில்லை.

முதலில் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை. ஒரு நாளும் விடாமல் போட்டும் நடுநடுவே இரத்தக் கசிவு. கார்பமாசெபின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுகிறது. ஹார்மோன் சீக்கிரம் சிதைந்து பாதுகாப்பும் குறைகிறது. கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியான இம்ப்ளான்ட்டுக்கும் இதே கதிதான். லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள அவசரக் கருத்தடை மாத்திரைகூட வழக்கமான 1.5 மி.கி. போதாது, 3 மி.கி. வேண்டும். இந்த மருந்து எடுப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் ஒற்றை மாத்திரைதான் தருவார்கள்.

அடுத்து கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் இல்லாத காப்பர்-டி 380ஏ. மாதவிடாய் எட்டு நாள் நீண்டது, கட்டி கட்டியாகப் போனது, மணிக்கொரு நாப்கின் நனைந்தது. இரத்தப்போக்கைக் குறைக்க மெஃபனமிக் அமிலம், டிரானெக்சாமிக் அமிலம் இரண்டும் போட்டும் ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கியது; காப்பர்-டியை எடுத்தாயிற்று. இரும்புச் சத்து மாத்திரை ஓடுகிறது. இப்போதைக்கு ஆணுறை மட்டும்.

மூன்று மாதத்துக்கொரு முறை போடும் டிஎம்பிஏ என்ற ஹார்மோன் ஊசி வேலை செய்யும். ஆனால் அதுவும் கார்பமாசெபினும் எலும்பு அடர்த்தியைக் குறைக்கக்கூடியவை, இரண்டையும் சேர்க்க மனம் ஒப்பவில்லை. மிச்சமிருப்பது 52 மி.கி. லெவோனோர்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனம். ஹார்மோன் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் நொதிகளின் பாதிப்பு இல்லை. கிளமிடியா, கொனோரியா (பாலுறவால் பரவும் தொற்றுகள்) பரிசோதனை நெகட்டிவ்; ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை.

காப்பர்-டியில் இப்படி இரத்தப்போக்கு இருந்து ஹார்மோன் சாதனத்துக்கு மாறியவர்களே, தொடக்கத்தில் வரும் கசிவு உங்களுக்கு எத்தனையாவது மாதத்தில் அடங்கியது?