பிரான்ஸ் மலைக்கிராமத்துப் பக்கம் ஓடும்போது வழியில யார் யார் எதிர்ல வந்தாங்க? உங்க அனுபவத்தைப் போடுங்க

ஓட்டைஷூ
நானே ஆரம்பிக்கறேன். கிளெர்மோன் ஃபெரானுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. ஊருக்கு மேற்கால பழைய எரிமலைங்க வரிசையா நிக்குது, பூய் த தோம் 1465 மீட்டர், செசா கணவாய்ல வண்டிய விட்டுட்டு அந்தக் காலத்து கழுதைப்பாதைல ஏறினா 400 மீட்டர் கிட்ட ஏத்தம், தொடை கதறிடும். ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல.

போன நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, எரிமலைப் பக்கம் கூட்டமா இருக்கும்னு கிழக்கால லிவ்ராதுவா காட்டுப்பக்கம் போனேன், மஞ்சள் கோடு அடையாளம் போட்ட சின்ன சுத்துப்பாதை ஒண்ணு. ஒரே பனி, நான் போட்டிருந்ததோ சாம்பல் ஜாக்கெட்டும் கறுப்பு டைட்ஸும். பாதை ஓரத்துல 'ஷாஸ் ஆன் கூர்'னு போர்டு, வேட்டை நடக்குதுன்னு அர்த்தம், நான் ஏதோ ரோடு வேலை போலன்னு தாண்டிப் போயிட்டேன். கொஞ்ச தூரத்துல மணிச்சத்தம் கேட்டுச்சு, ஆடு மேயுதுன்னு நினைச்சா கழுத்துல மணி கட்டின வேட்டைநாய் ரெண்டு என்னைக் கண்டுக்காம ஓடுது. மரம் முடியற இடத்துக்கு வந்தப்பதான் பார்த்தேன், ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு கையில துப்பாக்கியோட தள்ளித் தள்ளி ஒவ்வொருத்தரா நிக்கறாங்க, எல்லாரும் காட்டையே பார்த்துட்டு, அந்தக் காட்டுக்குள்ள இருந்து வர்றது நான்.

கிட்ட நின்ன பெரியவர் துப்பாக்கிய மடக்கிட்டு முதல்ல 'போன்ஜூர்'னாரு, அப்புறம்தான் திட்டு. இந்த ஊர்ல திட்டறதுக்கு முன்னாடியும் வணக்கம் சொல்லியாகணும் போல. வாக்கிடாக்கில மத்தவங்ககிட்ட ஏதோ சொல்லிட்டு, தன் ஆரஞ்சு தொப்பிய கழட்டி என் தலைல மாட்டி, 'பயப்படாத, பன்னின்னா இவ்ளோ மெதுவா வராது'ன்னு சொன்னாரு பாருங்க, அதுதான் இன்னும் வலிக்குது.

செப்டம்பர்ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் காட்டுக்குள்ள போறவங்க பளிச்சுனு ஏதாவது போட்டுக்கிட்டு போங்கப்பா.

93காரன்
தம்பி, கடைசி வரியை வாசிச்சிட்டு சிரிச்சனான், ஆனா துவக்கெண்டாலே எனக்கு வயிறு கலங்கும், நாங்கள் வந்த கதை அப்பிடி.

என்ர கதை நாய்க்கதை. பாரிசுக்குப் பக்கத்தில 93ஆம் இலக்க மாவட்டத்தில இருக்கிறன், வழமையா ஓடுறது கால்வாய்க் கரையிலதான், ஒரு மேடு கிடையாது. ஒருக்கா ஓகஸ்ட் லீவில மச்சானோட வெர்க்கோர் மலைக்குப் போய், றூசே கணவாயில காரை விட்டிட்டு மேல்பீடபூமிக்கு ஏறி ஜிஆர் 91 எண்ட நெடுந்தூர நடைபாதையில ஓடினனாங்கள். அங்க ரோட்டுமில்லை, கடையுமில்லை, புல்லும் வெள்ளைக் கல்லும்தான். ஒரு வளைவு திரும்ப நூற்றுக்கணக்கில செம்மறி. அதுக்குள்ள ரெண்டு வெள்ளை ஆடு எழும்பி எங்களைப் பார்த்துக் குலைக்குது!

ஆடில்லை, பத்தூ. எண் பத்தில்லை, பத்தூ எண்டு பிரனே மலை நாய், கண்டுக்குட்டி அளவு. 1992ல ஓநாய் இத்தாலிப் பக்கத்தால பிரான்சுக்குத் திரும்பி வந்தாப் பிறகு ஆட்டுக்காரர் கனபேர் இதைத்தான் வளர்க்கினம், குட்டியிலேயே ஆட்டுப்பட்டிக்குள்ள விட்டு வளர்க்கிறதால அது ஆட்டைத் தன்ர சொந்தம் எண்டு நினைக்கும், மனிசரைப் பெரிசா மதிக்காது. மச்சான் 'ஓடடா' எண்டார். நான் 'ஓடாதைங்கோ' எண்டன். ஓடினா நீ ஓநாய், அவ்வளவுதான். கையைக் கீழ விட்டு, நேர கண்ணைப் பார்க்காமல், தடி ஒண்டும் தூக்காமல் நிண்டனாங்கள். கதைச்சுக்கொண்டு நிக்கச் சொல்லி கீழ போர்டில படம் போட்டிருந்தது, பயத்தில பிரெஞ்சு வரேல்லை, 'ராசா, உன்ர ஆடு எங்களுக்கு வேண்டாம், போ அப்பன்' எண்டு தமிழிலதான் கெஞ்சினன். வந்து மச்சான்ர காற்சட்டையை நல்லா மணந்திட்டு திரும்பிப் போட்டுது. பிறகு மந்தையைச் சுத்தி ஒரு கிலோமீட்டர் நடை, ஓட்டமில்லை. கடிகாரத்தில அண்டைக்கு வந்த வேகத்தை ஒருத்தருக்கும் காட்டேல்லை.

துலூஸ்_அக்கா
பத்தூன்னா எனக்கும் பயம்தான், ஆனா எங்க பக்கம் நாயைவிட தண்ணிதான் பிரச்சனை. ஃபிழாக்ல இருந்து காஓர் போற ஜிஆர் 65, யாத்திரை போறவங்க நடக்கற பாதை, அதுல காஜார்க் தாண்டினா லிமோஞ் வரைக்கும் சுண்ணாம்புக்கல் மேடு, மழை பெஞ்சா நேரா கீழ இறங்கிடும், மேல ஆறும் கிடையாது ஓடையும் கிடையாது, ஓக் மரமும் கல்சுவரும்தான். ஜூலைல புத்தி இல்லாம பதினோரு மணிக்கு கிளம்பினேன், ரெண்டு பாட்டிலும் காலி, ஒரு ஊர் வந்துச்சு, மணி ஒண்ணு, பேக்கரி சாத்தி, ஜன்னல் எல்லாம் சாத்தி, மனுஷங்க இருக்காங்களான்னே தெரியல.

ஒரு வீட்டு வாசல்ல பாட்டியம்மா ஒருத்தங்க பூந்தொட்டிய நகர்த்திட்டிருந்தாங்க, தண்ணி எங்க கிடைக்கும்னு கேட்டேன், ரொம்ப சாதாரணமா 'கல்லறைக்குப் போ'ன்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் சுருக்குன்னு ஆயிடுச்சு. புதுச்சேரில எங்க பாட்டி சுடுகாட்டுப் பக்கம் போனாலே தலைக்குக் குளிக்காம வீட்டுக்குள்ள விடமாட்டாங்க, இங்க அதே இடத்துல தண்ணி குடிக்கச் சொல்றாங்க! அப்புறம்தான் புரிஞ்சுது, சமாதிப் பூவுக்கு ஊத்தறதுக்குன்னு கல்லறைல பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும், நடக்கறவங்க ஓடறவங்க எல்லாருக்கும் அதுதான் பழக்கம். 'நோன் பொத்தாப்ல்'னு எழுதியிருந்தா மட்டும் குடிக்கக்கூடாது. ரெண்டு பாட்டில் ரொப்பிட்டு, மனசு கேக்காம, பக்கத்துல யாரோ 1916ல செத்துப்போன பையனோட சமாதி மேல காஞ்சு கிடந்த பூந்தொட்டிக்கும் கொஞ்சம் ஊத்திட்டு வந்தேன்.

ஷாக்அடிச்சவன்
பெரிய கதை இல்ல. ஓப்ராக் மேட்டுப்பக்கம், நாஸ்பினால் ஊரைத் தாண்டி, பாதை மாட்டு மேய்ச்சலுக்குள்ளயே போகும். அந்த ஊர் மாடு ஒண்ணொண்ணும் கண்ணுக்கு மை போட்ட மாதிரி இருக்கும், அழகு. ரசிச்சுக்கிட்டே வேலிக்கம்பிய பிளாஸ்டிக் பிடி இருக்கற இடத்துல தூக்காம நனைஞ்ச ஷார்ட்ஸோட காலைத் தூக்கித் தாண்டினேன். மிச்சத்தை நீங்களே நினைச்சுக்குங்க. மாடு எல்லாம் மேயறத நிறுத்திட்டு பார்த்துச்சு.

93காரன்
@ஷாக்அடிச்சவன் கண்டு நிக்கேக்க தாய்க்கும் கண்டுக்கும் நடுவால போகாதைங்கோ, கரண்டை விட அது மோசம்.

துலூஸ்_அக்கா
@ஓட்டைஷூ அந்தத் தொப்பி என்ன ஆச்சு, திருப்பிக் கொடுத்தியா?

ஓட்டைஷூ
அடுத்த ஞாயிறே கொடுக்கப் போனேன் அக்கா, தலைல போட்டுக்கிட்டேதான் போனேன். தூரத்துல என்னைப் பார்த்த இன்னொருத்தர் தங்களோட ஆளுன்னு நினைச்சு, எந்தப் பக்கம் நிக்கணும்னு கையக் காட்டினாரு. நானும் போய் பத்து நிமிஷம் நின்னேன்.