பெய்ஜிங் – உலான்பாத்தர் ரயில்: எர்லியனில் ஏன் இவ்வளவு நேரம்?

கேள்வி (கோபிப்பாதை):
பெய்ஜிங்கிலிருந்து மங்கோலியா போகும் ரயில் சீன எல்லை ஊரான எர்லியனில் மணிக்கணக்கில் நிற்கிறது. சீனாவில் கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம்) 1435 மி.மீ., மங்கோலியாவில் 1520. வித்தியாசம் வெறும் 85 மி.மீ. வங்கதேசத்தில் மூன்றாவது தண்டவாளம் போட்டு மீட்டர் கேஜையும் பிராட் கேஜையும் ஒரே பாதையில் ஓட்டுகிறார்களே, இங்கே ஏன் முடியவில்லை? அகலத்துக்கு ஏற்பச் சக்கரங்களை மாற்ற, பயணிகளை உள்ளே வைத்துக்கொண்டே பெட்டியைத் தூக்குவது எப்படி?

தண்டவாளன்:
வித்தியாசம் குறைவு என்பதுதான் சிக்கலே. வங்கதேசத்தில் இரண்டு கேஜுக்கும் நடுவே 676 மி.மீ. கிடைக்கிறது, இன்னொரு தண்டவாளம் தாராளமாக உட்காரும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் அடிப்பாகமே 150 மி.மீ. அகலம். 85 மி.மீ. தள்ளி இன்னொன்றை வைத்தால் இரண்டின் அடியும் ஒன்றோடொன்று இடிக்கும், தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் கிளிப் மாட்டவும் இடமிருக்காது. இரண்டு கேஜும் ஒரே பாதையில் வேண்டுமென்றால் நான்கு தண்டவாளம் போட்டாக வேண்டும். சக்கரம் மாற்றும் ஷெட்டுக்குள் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அது கட்டுப்படியாகாது.

ஷெட்_மேஸ்திரி:
வேலை நடக்கும் வரிசை இது. ரயிலைப் பிரித்து, பெட்டிகளை இடைவெளி விட்டு ஜாக்கிகளுக்கு நடுவே நிறுத்துவார்கள். பெட்டிக்கு நான்கு ஜாக்கி. தூக்கும் முன், அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்துக்குப் போகும் பிரேக் இணைப்பு, எர்த் கம்பி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒன்று மறந்தாலும் தூக்கும்போது அறுந்துவிடும். நான்கு ஜாக்கியும் ஒரே சீராக ஏற வேண்டும். ஒன்று பின்தங்கினால் பெட்டியின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஏற்றம் மெதுவாக நடப்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு அசைவே தெரியாது.

பெட்டி உயர்ந்ததும் 1435 சட்டங்கள் அடியிலேயே உருண்டு வெளியேறும், 1520 சட்டங்கள் உள்ளே வரும். பெட்டியை இறக்குவதில்தான் பொறுமை வேண்டும். சட்டம் திரும்புவதற்கான அச்சாக நடுவிலுள்ள பிவட் அதன் குழிக்குள் நேராக விழ வேண்டும். ஓரத்தில் ஏறி உட்கார்ந்தால் வளைவில் சட்டம் திரும்பாது, சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறிவிடும் அபாயம் உண்டு. பிறகு பிரேக் கம்பிகளை மாட்டி, மாற்றிய சக்கரத்தின் தேய்மானத்துக்கு ஏற்ப பிரேக் இடைவெளியைச் சரிசெய்து, காற்றழுத்தம் ஏற்றிச் சோதிப்பார்கள். பெட்டிகளைத் திரும்ப இணைக்கும்போதுதான் நல்ல குலுங்கல்; சூடான தேநீரை அந்த நேரம் கையில் வைத்திருக்க வேண்டாம்.

வரலாற்றுவண்டி:
எர்லியனுக்கு இந்த வேலை பின்னாளில்தான் வந்தது. ரஷ்ய எல்லையிலிருந்து உலான்பாத்தர் வரை பாதை வந்தது 1949-இல். அங்கிருந்து தெற்கே கோபிப் பாலைவனத்தைக் கடந்து மங்கோலிய எல்லை ஊரான ஜாமின் ஊத் வரை போட்டு, 1956 தொடக்கத்தில் மூன்று நாட்டுப் போக்குவரத்தும் ஆரம்பமானது. சீனா தன் பக்கம் ஜினிங் முதல் எர்லியன் வரை, சுமார் 330 கி.மீ., ரஷ்ய அகலத்திலேயே போட்டிருந்தது. கேஜ் மாறும் இடம் அப்போது ஜினிங். சோவியத் உறவு கசந்த பிறகு, 1965-இல் அந்தப் பாதையை 1435-க்கு மாற்றினார்கள்; மாற்றும் இடமும் எல்லைக்கே நகர்ந்துவிட்டது.

கோபிப்பாதை:
மிக்க நன்றி. சரக்கு ரயிலுக்கும் இதே முறைதானா?

தண்டவாளன்:
பெரும்பாலும் இல்லை. கண்டெய்னரை கிரேனால் ஒரு வேகனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதே வேகம். இந்த மாற்றத்தை எல்லையின் எந்தப் பக்கமும் செய்ய வசதியாக, இரண்டு கேஜ் பாதைகளும் எல்லையைத் தாண்டிப் போகின்றன.

பயணிகளுக்கு ஒன்று: பெட்டி ஷெட்டில் நிற்கும் நேரம் முழுவதும் கழிவறையைப் பூட்டிவிடுவார்கள். பழைய பெட்டிகளில் கழிவு நேராகக் கீழே, ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் விழும். பாஸ்போர்ட், சுங்கச் சோதனையும் சேர்ந்து பல மணி நேரம் ஆகும். எர்லியன் வருவதற்கு அரை மணி முன்பே போய்வந்துவிடுங்கள். ஜாமின் ஊத்திலும் சோதனைக்காக நிற்கும், அங்கேயும் பூட்டுவார்கள்.