கூண்டுக்குள் வந்துபோன தையல்சிட்டைக் கணக்கில் சேர்க்கலாமா?

வேன்காரன்_தர்மபுரி

எல்லோருக்கும் வணக்கம். நான் தர்மபுரியில் டெம்போ டிராவலர் ஓட்டுகிறேன், சொந்த வண்டி. பள்ளிக்கூட டூர், குடும்ப டூர் இரண்டுக்கும் போவேன். வருஷத்துக்கு ஏழெட்டு முறையாவது ஏதாவது ஓர் உயிரியல் பூங்கா வாசலில் என் வண்டி நிற்கும். சேலம் குரும்பப்பட்டி, பன்னேருகட்டா, மைசூர், வண்டலூர் என்று மாறி மாறி. (செவ்வாய்க்கிழமைக்கு ட்ரிப் கேட்டால் முதலிலேயே சொல்லிவிடுவேன், வண்டலூர், பன்னேருகட்டா, மைசூர் மூன்றும் அன்றைக்கு விடுமுறை என்று. ஒரு தடவை மறந்துபோய், வண்டியில் வந்த அத்தனை பேரின் வாயில் விழுந்து எழுந்தேன்.)

பிள்ளைகள் புலியைப் பார்க்க ஓடும்போது நானும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு சிறு பறவைகள் இருக்கும் பக்கம் போய்விடுவேன். டீசல், டோல், பேட்டா எழுதும் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு எழுதி வருகிறேன். எந்தப் பாடும் பறவை, எந்தப் பூங்கா, எந்தத் தேதி. மயில், கிளி, நாரைக்கெல்லாம் அதில் இடமில்லை. ஏன் பாடும் பறவை மட்டும் என்று என் வீட்டுக்காரம்மா கேட்டார். அந்தக் கூண்டுகள் முன்னால்தான் கூட்டமே இருக்காது, நிம்மதியாகப் பார்க்கலாம் என்றேன். உண்மையும் அதுதான். ஜனங்கள் "குருவிடா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள்.

2017ல் ஆரம்பித்தது. ஒரு சமயம் 17 வரை வந்தது. பிறகு ஒரு டூரில் வந்த விலங்கியல் டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு, குயில் பாடும் பறவை இல்லை என்று சொல்லிக் கோடு போட்டார். அதோடு விடவில்லை. கோல்டியன் ஃபின்ச் என்று ஆஸ்திரேலியப் பறவை இருக்கிறதே, பச்சை முதுகும் ஊதா நெஞ்சும் மஞ்சள் வயிறுமாக, அதில் தலை சிவப்பாக ஒன்று, கருப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று பார்த்து மூன்று வகை என்று எழுதியிருந்தேன். மூன்றும் ஒரே இனம்தானாம், தலை நிறம் மட்டும் வேறாம். ஆக 14.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

போன பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் குரும்பப்பட்டிக்குக் கூட்டிப்போனேன். ஒரு பெரிய பறவையின் அடைப்பு, வலைக்கண் கொஞ்சம் அகலம். உள்ளே இருந்த செடியில் ஒரு தையல்சிட்டு. வாலைத் தூக்கிக்கொண்டு, இலை இலையாகப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்தது. பத்து கிராம்கூட இருக்காது, சத்தம் மட்டும் கூண்டு முழுக்க. பத்து நிமிஷம் பார்த்திருப்பேன். அப்புறம் வலைக்கண் வழியாகச் சட்டென்று வெளியே வந்து, எதிரில் இருந்த புதருக்குள் போய்விட்டது. என் பக்கத்தில் நின்ற பையன் "அய்யோ, தப்பிச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே பராமரிப்பாளரிடம் ஓடினான். அவர் சிரித்துவிட்டு, "அது தினமும் வரும் தம்பி, டிக்கெட் எடுக்காது" என்றார்.

பூங்காவில் பார்த்தேன், கூண்டுக்குள்தான் பார்த்தேன், ஆனால் அது பூங்காவின் பறவை இல்லை. எழுதலாமா, கூடாதா?

என் விதியே குழப்பம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வளாகத்தில் சுற்றும் காக்கை, மைனா, சின்னான் எதையும் எழுதுவதில்லை, வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. ஆனால் வண்டலூரில் ஓர் அக்டோபர் கடைசியில் மூங்கிலடியில் ஆறுமணிக்குருவி தத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து எழுதிவிட்டேன். அந்த நிறத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

இன்னும் இரண்டு. பெங்காலி ஃபின்ச்சைத் தனி இனமாக எழுதலாமா? "ஃபின்ச்" என்று மட்டும் பலகை வைத்திருக்கும் கூண்டை என்ன செய்வது?

ஓசூர்_காலைநடை

அண்ணா, டீசல் கணக்குக்குப் பின்னால் பறவைக் கணக்கு எழுதுபவரை இப்போதுதான் பார்க்கிறேன். நல்ல பழக்கம். ஆனால் கெட்ட செய்தியோடு வந்திருக்கிறேன்: ஆறுமணிக்குருவியும் பாடும் பறவை இல்லை.

குரல் இனிமையை வைத்து யாரும் இதைப் பிரிக்கவில்லை. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் பறவைக்குக் குரலுறுப்பு இருக்கிறது. பாடும் பறவைகளுக்கு அதை இயக்கும் தசைகள் அதிகம், இரண்டு கிளையிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு ஒலி எழுப்பவும் முடியும். பாட்டைப் பெரிய பறவைகளிடம் கேட்டுத்தான் கற்றுக்கொள்கின்றன. நம் காக்கை இந்தக் கூட்டத்தில் அசல் உறுப்பினர். குயிலுக்கு இங்கே இடமில்லை. காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் குயில் கடைசியில் குயிலாகத்தானே கூவுகிறது? பாட்டு பிறவியிலேயே வந்துவிடுகிறது, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மாங்குயில் பெயரில்தான் குயில், அது பாடும் பறவையேதான்.

ஆறுமணிக்குருவி கொஞ்சம் சிக்கலான கேஸ். குருவி, மைனா, காக்கை எல்லாம் அடங்கிய பாசரின் வரிசையில்தான் அதுவும் வருகிறது. உலகப் பறவை இனங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே வரிசை. ஆனால் அதற்குள் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. பாடும் பறவைகள் ஒன்றில், ஆறுமணிக்குருவி மற்றொன்றில். அந்தி ஆறு மணிக்கு விடாமல் கூப்பிட்டு, அதனாலேயே பெயர் வாங்கிய பறவைக்குப் பாடகர் சங்கத்தில் சீட் இல்லை என்பது எனக்கும் வருத்தம்தான். நோட்டின் தலைப்பைப் "பாசரின் பறவைகள்" என்று மாற்றினால் அது தப்பித்துவிடும். உங்கள் நோட்டு, உங்கள் இஷ்டம்.

தையல்சிட்டுக்கு வருவோம். நான் ஈபேர்டில், அதாவது பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இணையதளத்தில், பட்டியல் போடுகிறவன். அங்கே கூண்டுப் பறவையை ஏற்பதில்லை. ஆனால் பூங்கா வளாகத்தில் தானாக வந்து திரியும் பறவை காட்டுப் பறவைதான், தாராளமாகப் போடலாம். எனவே உங்கள் தையல்சிட்டு ஈபேர்டில் செல்லும். உங்கள் கூண்டு நோட்டில் செல்லாது என்பது என் கட்சி. கூண்டு அதை வைத்திருக்கவில்லை, அதுதான் கூண்டைச் சாப்பாட்டு மேசையாக வைத்திருந்தது. இரண்டு பத்தி பிரியுங்கள்: "பூங்கா வளர்ப்பது", "தானாக வந்தது". அப்போது காக்கையையும் சின்னானையும் இரண்டாவது பத்தியில் எழுதியாக வேண்டும். ஆறுமணிக்குருவிக்கு மட்டும் சலுகை கிடையாது.

"ஃபின்ச்" பலகைக்கு ஒரு வழி இருக்கிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் எந்தப் பூங்காவில் என்ன இனம், எத்தனை என்று ஆண்டுதோறும் இருப்புக் கணக்கு வெளியிடுகிறது. பிடிஎஃப்ஆக இணையத்தில் கிடைக்கும். உங்கள் படத்தையும் அந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

மைசூரில் பூங்காவோடு திரும்பிவிடுகிறீர்களா? பக்கத்திலேயே காரஞ்சி ஏரி. பூங்கா நிர்வாகத்தின் கையில்தான் அதுவும் இருக்கிறது, உள்ளே நடந்து போய்ப் பார்க்கும் பெரிய பறவைக் கூடம் ஒன்று உண்டு.

தொப்பூர்_கணவாய்

கூண்டில் பார்த்ததை எண்ணுவது, மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டு வஞ்சிரம் பிடித்தேன் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

வேன்காரன்_தர்மபுரி

பிடித்தேன் என்று எங்கே சொன்னேன், பார்த்தேன் என்றுதானே எழுதியிருக்கிறேன். உங்கள் தொப்பூர்க் கணவாயில் வண்டியை ஓரம் கட்டிப் பறவை பார்த்தால், பின்னால் வரும் லாரி என்னைப் படமாக்கிவிடும். பூங்கா வாசலில் எனக்கு நாலு மணி நேரம் கிடைக்கிறது. கிடைத்த இடத்தில் பார்க்கிறேன்.

அரூர்_ஃபின்ச்_வீடு

நான் பதினைந்து வருஷமாக மாடியில் ஃபின்ச் வளர்க்கிறேன். பெங்காலி ஃபின்ச் பற்றி நான்தான் பேச வேண்டும்.

அது காட்டில் எங்கேயும் கிடையாது சார். வெண்முதுகுச் சில்லை என்ற காட்டுப் பறவையிலிருந்து மனிதன் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவாக்கியது. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன பறவைகள், அங்கேதான் இப்படி ஆயின. காட்டுக்கோழிக்கும் நம் வீட்டுக்கோழிக்கும் என்ன உறவோ அதே உறவு. நாட்டுக்கோழியைத் தனி இனம் என்று எழுதுவீர்களா? அதே மாதிரி வெள்ளை ஜாவா குருவி, வெள்ளை சீப்ரா ஃபின்ச் எல்லாம் நிற வகைதான், ஏமாந்துவிடாதீர்கள்.

ஜாவா குருவியைப் பார்த்திருந்தால் அந்த வரிக்கு அடியில் மட்டும் ஒரு கோடு போடுங்கள். என்னிடம் நாலு ஜோடி இருக்கிறது, கடையில் சாதாரணமாகக் கேட்டு வாங்கலாம். ஆனால் அதன் சொந்த ஊரான ஜாவா, பாலித் தீவுகளில் பிடித்துப் பிடித்தே அருகிப்போய்விட்டது. ஹவாயில் கூண்டிலிருந்து தப்பியவை பெருகித் தெருவில் திரிகின்றன. சொந்த ஊரில் இல்லை, வந்த ஊரில் கூட்டம்.

இன்னொன்று, பழைய கதை. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு தேர்த்திருவிழாவில் பச்சைக் குருவி என்று ஒரு ஜோடி வாங்கினேன். மூன்றாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தில் குளித்தன, கிண்ணம் பச்சையாகிவிட்டது, குருவி பழுப்பாகிவிட்டது. அத்தனையும் சாயம், உள்ளே இருந்தது நம் வயற்காட்டுப் புள்ளிச் சில்லை. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1990-91லேயே முழுதாகத் தடையாகிவிட்டது, ஆனாலும் சாயம் பூசிய சில்லை விற்பனை நிற்கவில்லை. ஆகவே கடை, திருவிழா, தெரிந்தவர் வீடு எதையும் நோட்டில் ஏற்றாதீர்கள். பூங்கா என்று எல்லை போட்டீர்களே, அதை விடவே விடாதீர்கள்.

கிருஷ்ணகிரி_டு_செங்காங்

அண்ணா, நான் காவேரிப்பட்டணம், இப்போது சிங்கப்பூரில் வேலை. உங்கள் 14ஐப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. இங்கே மண்டாயில் பறவைப் பூங்கா இருக்கிறது, 2023 மே மாதம் திறந்தது. ஜூரோங்கில் 1971லிருந்து இருந்த பழைய பூங்காவை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். எட்டுக் கூடங்கள், எல்லாமே உள்ளே நடந்து போய்ப் பார்ப்பது. அதில் ஒன்று தென்கிழக்காசியப் பாடும் பறவைகளுக்கு. மைனா மாதிரிதான், ஆனால் உடம்பு முழுக்க வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலத் தோல், சிறகு நுனியும் வால் நுனியும் மட்டும் கருப்பு: பாலி மைனா. 2001ல் காட்டில் மிஞ்சியவை ஆறு பறவைகள்தான் என்று கணக்கு. கூண்டில் பெருக்கித்தான் மறுபடி காட்டில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். மீன் மார்க்கெட் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். சில பறவைகளுக்குக் கூண்டுதான் கடைசிக் காடு.

இங்கே பாட்டுப் போட்டிக்கும் கூண்டுக்கும் பிடித்தே காலியான பறவைகள் நிறைய. வைக்கோல்தலைச் சின்னான் என்று நான் பெயர் வைத்திருக்கும் ஒரு பெரிய புல்புல் தாய்லாந்தில் அற்றே போய்விட்டது. சிங்கப்பூரில் உபின் தீவில் இன்னும் காட்டில் பாடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படகேறிப் போய் அரை மணி நேரம் கேட்டேன், கண்ணில் படவில்லை. இது உங்கள் நோட்டில் எந்தப் பத்தி?

கேட்க வந்தது வேறு. மலை மைனா எழுதியிருக்கிறீர்களா? இப்போது அதை இரண்டு இனமாகப் பிரித்திருக்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது தெற்கத்தி, இமயமலை அடிவாரம், வடகிழக்குப் பக்கம் இருப்பது வேறு. வடக்கத்திப் பறவைக்குக் கண்ணடியில் தொடங்கும் மஞ்சள் தோல் பிடரி மஞ்சளோடு சேர்ந்துவிடும். தெற்கத்திக்கு இரண்டும் தனித்தனி. பூங்காவில் பெரும்பாலும் "மலை மைனா" என்று மட்டும்தான் பலகை இருக்கும். உங்களிடம் பக்கவாட்டில் எடுத்த படம் இருந்தால் பாருங்கள்.

வேன்காரன்_தர்மபுரி

சந்தேகம் கேட்க வந்தவனிடம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டீர்கள், நல்லா இருங்க.

நேற்று ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். ஆறுமணிக்குருவி போனது, 13. தலைப்பை மாற்றலாம் என்று ஓசூர்க்காரர் சொன்னார், பேனாவையும் எடுத்தேன், ஆனால் ஒரு பறவைக்காகத் தலைப்பையே மாற்றினால் அப்புறம் குயிலும் வந்து நிற்கும். பெங்காலி ஃபின்ச்சும் போனது, 12. நாட்டுக்கோழி உதாரணத்துக்குப் பிறகு பதில் பேச முடியவில்லை. ஜாவா குருவிக்கு அடியில் கோடு போட்டாகிவிட்டது. 2019ல் அதைப் பார்த்தபோது இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை என்பது அந்த வரியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

தையல்சிட்டுக்குப் புதுப் பக்கம் ஒன்று பிரித்துவிட்டேன். பத்தி போடவில்லை, தனிப் பக்கம். மேலே "டிக்கெட் எடுக்காதவை" என்று எழுதியிருக்கிறேன். ஆறுமணிக்குருவியை ஓரமாக அங்கே குடிவைத்துவிட்டேன், அங்கே யாரும் சங்க விதி பேச முடியாது. உபின் பறவையை நீங்களே உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. கேட்டது மட்டும் என்றால் என் நோட்டில் ஏறாது. நாளைக்கு எங்கள் தெருவில் குயில் கூவினாலும் எழுதச் சொல்வீர்கள்.

மலை மைனாதான் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு பூங்காக்களில் பார்த்திருக்கிறேன், ஒரே வரியில் எழுதி இரண்டு தேதி போட்டிருக்கிறேன். போனில் தேடினேன். ஒரு படத்தில் மஞ்சள் தோல் சேர்ந்தே இருக்கிறது, தெளிவு. மைசூரில் எடுத்த படத்தில் கூண்டுக் கம்பிதான் தெளிவாக விழுந்திருக்கிறது, மைனா பின்னால் கருப்பாகத் தெரிகிறது. பிடரி இருக்க வேண்டிய இடத்தில் சரியாக ஒரு கம்பி. அது தெற்கத்தியாக இருந்தால் 13.

ஆயுத பூஜை லீவுக்கு மைசூர் கேட்டு ஒரு குடும்பம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறது. என்ன கிழமை என்று காலண்டரில் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.