‘இம்ப்ளிகேட்’: தொடர்பு சுட்டு?

அனைவருக்கும் வணக்கம்.

குற்றத்திலோ நோயிலோ ஒருவருக்கோ ஒன்றுக்கோ தொடர்பு இருக்கலாம் என்று காட்டுவதை ஆங்கிலத்தில் ‘இம்ப்ளிகேட்’ (implicate) என்கிறார்கள். அகராதியில் இந்த வினைக்கு என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்ற கேள்விக்குச் சம்பந்தப்படுத்து, தொடர்புபடுத்து, சிக்கவை, பிணை, உள்மடி என ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எனக்கு எதிலும் நிறைவில்லை.

பிணை அழகான சொல்தான். ஆனால் சட்டத் தமிழில் அது ஜாமீனுக்குப் போய்விட்டது. “வழக்கில் பிணைக்கப்பட்டவர் பிணையில் வந்தார்” என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிவார். உள்மடி இலத்தீன் வேருக்கு நேரானது. ‘பிளிகாரே’ என்றால் மடித்தல். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மடிந்திருக்கும் ஒழுங்கு என்று இயற்பியலாளர் டேவிட் போம் பேசிய ‘இம்ப்ளிகேட் ஆர்டர்’ என்பதை உள்மடி ஒழுங்கு என்று தாராளமாகச் சொல்லலாம். குற்றவழக்கில் யாரையும் உள்மடிக்க முடியாதே!

சிக்கவை என்றாலே சூழ்ச்சி வந்துவிடுகிறது. பொய் வழக்கில்தான் சிக்கவைப்பார்கள். உண்மையைச் சொல்லும் சாட்சியும் ஒருவரை இம்ப்ளிகேட் செய்கிறார், கைரேகையும் செய்கிறது. கைரேகைக்கு என்ன சூழ்ச்சி?

மிச்சம் ‘படுத்து’ சேர்ந்த இரண்டு. பலருக்கும் பிடித்தவை இவைதான், எனக்கு உறுத்துவதும் இவைதான். மேம்படுத்து, வலுப்படுத்து, பயன்படுத்து என எதை எடுத்தாலும், இல்லாத ஒரு நிலையைச் செய்பவர் உண்டாக்குகிறார். அப்படியானால் தொடர்புபடுத்துகிறவர் தொடர்பைத் தானே முடிச்சுப் போடுகிறார் என்றாகும். இரண்டு செய்திகளை நாம் தொடர்புபடுத்திப் பார்க்கலாம், சரி. சான்று அதைச் செய்வதில்லை. ஏற்கெனவே இருக்கக்கூடிய ஒரு தொடர்பை நோக்கி அது கை நீட்டுகிறது, அவ்வளவுதான்.

மருத்துவத்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். இரைப்பைப் புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கைகாட்டினார்கள். அப்போது அது இம்ப்ளிகேட் ஆன நிலைதான். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அதுவும் போதவில்லை, கிருமியை ஒழித்தால் புண் திரும்ப வருவதில்லை என்று சோதனைகள் காட்டிய பிறகே ‘காரணம்’ என்ற சொல் நிலைத்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் தமிழில் ஒரே சொல் இருந்தால் இந்தக் கதையை எழுதவே முடியாது.

எனவே என் பரிந்துரை: தொடர்பு சுட்டு. பெயர்ச்சொல், தொடர்புசுட்டல். “இந்த நோயில் மூன்று மரபணுக்களுக்குத் தொடர்பு சுட்டப்பட்டுள்ளது” என்று எழுதலாம்.

ஒரு தடை வரும், நானே சொல்லிவிடுகிறேன். ‘சுட்டப்பட்டார்’ என்பதில் ஓர் ஒற்று விடுபட்டால் ‘சுடப்பட்டார்’. அச்சுப்பிழை ஒன்றே துப்பாக்கிச்சூடு நடத்திவிடும். அதனால் ஆளை எழுவாயாக்காமல் ‘அவருக்குத் தொடர்பு சுட்டப்பட்டது’ என்று நான்காம் வேற்றுமையில் எழுதுவது நல்லது.

பேச்சு வழக்கில் இதற்கு இணையாக ஒன்று இருக்கிறது: “அவர் பெயரும் அடிபடுகிறது.” குற்றவாளி என்று சொல்லவில்லை, சும்மாவும் விடவில்லை. என்ன அருமை! கலைச்சொல்லாக்க முடியாது என்பதுதான் வருத்தம். உடந்தை பற்றியும் கேட்டிருந்தார்கள். அது கூட்டாகச் செய்தவர் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது, வேண்டாம்.

அப்புறம், ‘இம்ப்ளிகேச்சர்’ என்பதை இதோடு சேர்க்காதீர்கள். நேராகச் சொல்லாமல் உணர்த்தும் பொருளைக் குறிக்க, மெய்யியலாளர் பால் கிரைஸ் மொழியியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அந்தச் சொல்லுக்குக் குறிப்புப்பொருள் போதும். வெளிப்படை, குறிப்பு என்ற பிரிவு தொல்காப்பியச் சொல்லதிகாரத்திலேயே இருக்கிறது.

சொல் எதுவானாலும், வாக்கியத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். “தொடர்பு இருப்பதைச் சுட்டுகிறது” என்றால் தொடர்பு உண்டு என்று எழுதுபவரே ஒப்புக்கொண்டதாகிறது. “இருப்பதாகச் சுட்டுகிறது” என்றால் பொறுப்பு சான்றின் மேல் நிற்கும். அகராதிப் பதிவில் எடுத்துக்காட்டு வாக்கியத்தை ‘இருப்பதாக’ என்றே போடலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.