அம்மாவுக்கு ஏர் பியூரிஃபையர்: தோட்டத்து வீட்டுக்கு இது சரிவருமா?

கொட்டகலைப் பிள்ளை:
அம்மாவுக்கு ஆஸ்துமா. மே மாதம் மழை பிடித்தால் ஓகஸ்ட் தாண்டும்வரை ராத்திரியெல்லாம் இருமல்தான். தோட்டத்து வீடு, பின்பக்கம் விறகு அடுப்பு. கட்டாரில் இருக்கும் தம்பி காசு அனுப்பி, ஏர் பியூரிஃபையர் ஒன்று வாங்கச் சொல்கிறான். கொழும்புக் கடையில் கேட்டால் எல்லாமே நல்ல சாமான் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? வாங்கத்தான் வேண்டுமா?

ஊவாக்காற்று:
வாங்குங்கள் அக்கா. உள்ளே ஹெப்பா இருக்க வேண்டும், நுண்துகளைப் பிடிக்கும் ஃபில்டர் அது. பெட்டியில் "ஹெப்பா டைப்" என்று மட்டும் போட்டிருந்தால் தொடவே வேண்டாம், தரம் சொல்லாத பெயர் அது. எச்13 தர ஹெப்பா என்றால், பிடிக்க மிகக் கடினமான நுண்துகளில்கூட 99.95 வீதத்தை நிறுத்தும். அடுத்தது சி.ஏ.டி.ஆர். என்ற எண். மணிக்கு எத்தனை கனமீற்றர் சுத்தமான காற்று தரும் என்பதுதான் அது. 12 அடிக்கு 12 அடி அறை, 8 அடி உயரம் என்றால் 165 ஆவது வேண்டும். துரை பங்களா போல 12 அடி உயரக் கூரை என்றால் ஒன்றரை மடங்கு. "500 சதுர அடிக்குப் போதும்" என்று கடையில் சொன்னால், மணிக்கு எத்தனை தடவை அறைக்காற்றைச் சுத்தம் செய்யும் கணக்கில் என்று கேளுங்கள். ஆஸ்துமாக்காரருக்கு ஐந்து தடவை வேண்டும்.

லயத்துக்காரன்:
கணக்கெல்லாம் சரி அண்ணே. அந்த அறை எங்கே முடிகிறது? தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. அடுத்த வீட்டுப் புகையும் அதே வழியாகத்தான் வரும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை இது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மிலாறை, அந்தக் குச்சிகளை, ஈரத்தோடு அடுப்பில் வைத்துவிட்டு, புகையைப் பிடிக்க மெஷின் வாங்குவதா? அந்தக் காசில் ஒழுங்காகப் புகைக்கூடு கட்டலாம், மிலாறைக் காயவைக்க ஒரு கொட்டில் போடலாம். மிச்சத்துக்கு காஸ் அடுப்பும் வரும்.

ஊவாக்காற்று:
கூரையை மாற்றித்தா என்று நிர்வாகத்திடம் கேட்டு எத்தனை வருடம் இருப்பது தம்பி? அம்மா மூச்சுவிட வேண்டியது இன்றைக்கு ராத்திரி. வீடு முழுவதற்கும் நான் சொல்லவில்லை. படுக்கிற அறைக்கு மட்டும் சீலிங் அடித்து, கதவை மூடிப் போட்டால் வேலை செய்யும். அப்புறம் புகை அடுப்பிலிருந்து மட்டுமா வருகிறது? எங்கள் பக்கம் வெயில் காலத்தில் மானாப்புல்லுக்குத் தீ வைத்தால் மலையே புகையும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு இந்தியப் பக்கத்துத் தூசு வந்து, 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடத்தை மூடினார்களே, அன்றைக்கு உங்கள் புகைக்கூடு என்ன செய்திருக்கும்?

லயத்துக்காரன்:
வருடத்தில் நாலு நாளுக்காக மெஷினா? நல்ல கதை. அடுப்பு எரிவது தினமும் இரண்டு வேளை.

மூடுபனி:
இந்தச் சாமான்களைத் திருத்துகிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் ஊருக்கென்று ஒரு கூத்து உண்டு. ஜன்னலைத் திறந்ததும் பனிமூட்டம் உள்ளே வரும், மெஷினில் சிவப்பு விளக்கு எரியும், வீட்டுக்காரர் பயந்துவிடுவார். உள்ளே இருக்கும் சென்சர் ஒளியை வைத்துத்தான் துகளை எண்ணுகிறது. அதற்குப் பனித்துளியும் தூசும் ஒன்றுதான். ஆகவே ஓட்டோ மோடை நம்பாமல், வேகத்தை நீங்களே வையுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்குமா என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். டச் பட்டன் வைத்த சிலது அப்படியே நின்றுவிடும், அம்மா தூக்கத்தில் எழும்பிப் போடப் போவதில்லை. காற்றில் மின்னேற்றம் விடும் அயன் (ion) பட்டன் இருந்தால் அணைத்தே வையுங்கள். அதிலிருந்து ஓசோன் வரலாம், ஆஸ்துமாவுக்கு அது ஆகாது.

இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: குளிருக்கு அறைக்குள் கரிச்சட்டி மூட்டுகிற பழக்கம் நுவரெலியாப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் வரும் கார்பன் மொனொக்சைட்டை எந்த ஹெப்பாவும் பிடிக்காது, கரி ஃபில்டரும் பிடிக்காது. மெஷின் ஓடுகிறது என்ற தைரியத்தில் கதவை மூடிக் கரி மூட்டினால் உயிர் போய்விடும்.

லயத்துக்காரன்:
பில்லைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். 40 வொட் மெஷின் நாள் முழுக்க ஓடினால் மாதம் கிட்டத்தட்ட 29 அலகு. எங்களைப் போன்ற வீட்டில் அது அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடும், பழைய அலகுக்கும் சேர்த்து விலை ஏறலாம். ஃபில்டர் வேறு மாற்ற வேண்டும்.

ஊவாக்காற்று:
நாள் முழுக்க யார் ஓடவிடச் சொன்னது? ராத்திரி எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் பத்து அலகுக்குள்.

மூடுபனி:
மெதுவான வேகத்தில் ஓடவிட்டால் பில் குறையும், சுத்தமான காற்றும் குறையும் அண்ணே. பெட்டியில் போட்டிருக்கும் சி.ஏ.டி.ஆர். முழு வேகத்துக்கு உரியது. அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது. ஒரு அளவு பெரிய மெஷினாக வாங்கி, நடு வேகத்தில் வைப்பதுதான் வழி. அக்கா, அம்மா படுக்கும் அறைச் சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா?

கொட்டகலைப் பிள்ளை:
இருக்கிறது. கட்டில் பக்கத்துச் சுவர் மழைக்காலத்தில் கறுத்துவிடும். வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கிறோம்.

மூடுபனி:
அப்படியென்றால் லயத்துக்காரத் தம்பி பக்கம்தான் நான். பறக்கும் பூஞ்சண வித்தை ஹெப்பா பிடிக்கும், ஆனால் சுவர் ஈரம் அப்படியே இருக்க, வித்து வந்துகொண்டேதான் இருக்கும். ஈரப்பதம் 60 வீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் மெஷினைத் தேடினாலும், கம்ப்ரசர் வைத்தது 15 பாகைக்குக் கீழே சரியாக உறிஞ்சாது, ஈரம் உறிஞ்சும் மருந்து வைத்த டெசிகன்ட் வகை கேளுங்கள். அதற்குக் கரண்ட் இன்னும் கூட. அதைவிட வெளிச்சுவர் ஓரம் மண்ணை வெட்டி, தண்ணீர் ஓடக் கான் எடுத்து, கூரைத் தண்ணீரைத் தள்ளி விடுவது மலிவு.

ஊவாக்காற்று:
கான் வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர் காய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை?

லயத்துக்காரன்:
அதுவரை கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுவது. கிளினிக்கில் கொடுத்த பம்பை ஒழுங்காக அடிப்பது. இரண்டுக்கும் ஃபில்டர் வேண்டாம்.

கொட்டகலைப் பிள்ளை:
மேசனிடம் புகைக்கூட்டுக்கும் கானுக்கும் விலை கேட்டிருக்கிறேன். மிஞ்சினால் மெஷின் என்று தம்பிக்குச் சொன்னேன், அவனுக்குக் கோபம்தான். மூடுபனி அண்ணே, மாற்று ஃபில்டர் ஹட்டனிலேயே கிடைக்கிற மாடல் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், கொழும்புக்கு ஆள் அனுப்ப முடியாது.